வளர்ப்பு மீன்களின் நிறமும் அவற்றின் உணவும்

நெற்பயிர் மஞ்சளித்தால் கமக்காரர் உடனே பசளையை நினைப்பர். முட்டையின் மஞ்சட்கரு வெளிறினால் கோழிக்குக் கீரையோ மஞ்சட் சோளமோ போதவில்லை என்பதை வீட்டுப் பெண்களும் அறிவர். ஆனால் சீமெந்துத் தொட்டியில் வளரும் பொன்மீன் நிறங்குன்றி வெளிறினால் பலர் தண்ணீரைக் குறைகூறுவர். சிலர் இனத்தைக் குறைகூறுவர். அதன் உணவைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே.

அலங்கார மீன் வளர்ப்பு நம் நாட்டில் வீட்டு முற்றத்திலேயே நடத்தக்கூடிய ஒரு தொழில். கப்பி, பொன்மீன், வாள்வால் மீன், கோய்க் கெண்டை முதலியவை இங்கு வளர்க்கப்படுகின்றன. கப்பி பிறநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றது. இத்தொழிலில் மீனின் எடைக்கு விலையில்லை, நிறத்துக்கே விலை. ஒரே வயதும் ஒரே பருமனும் உள்ள இரு மீன்களுள் சிவந்ததை வியாபாரி எடுத்துக்கொள்வார், வெளிறியதைக் கழித்துவிடுவார். கழிக்கப்பட்ட மீனும் அதே அளவு தீனியை உண்டதுதான். அதே அளவு உழைப்பைப் பெற்றதுதான். ஆகையால் மீனுக்கு நிறம் எங்கிருந்து வருகின்றது, உண்ட நிறத்தை மீனின் உடல் என்ன செய்கின்றது என்பவற்றை வளர்ப்போர் அறிந்திருத்தல் அவசியம்.

நிறம் எங்கே உள்ளது

மீனின் நிறம் பெரும்பாலும் அதன் செதிலில் இல்லை. செதிலை மூடியும் அதன் அடியிலும் உள்ள தோலில் மிகச் சிறிய கலங்கள் பல உள. இவற்றை நிறந்தாங்கிக் கலங்கள் என்பர். அவற்றுள் முக்கியமானவை மூன்று வகையின.

முதலாவது வகை கறுப்புக் கலங்கள். இவற்றிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருளை மீன் தன் உடலிலேயே புரதத்தின் ஒரு கூறிலிருந்து ஆக்கிக்கொள்ளும். இரண்டாவது வகை மினுக்குக் கலங்கள். இவற்றில் குவனின் என்னும் பொருளின் மெல்லிய பளிங்குத் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒளி பட்டுத் தெறிப்பதனாலேயே மீனின் வெள்ளிப் பளபளப்பும், பெரும்பாலான மீன்களின் நீல நிறமும் தோன்றுகின்றன. மூன்றாவது வகை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களைத் தாங்கும் கலங்கள்.

இப்பிரசுரம் மூன்றாவது வகையைப் பற்றியதே. கறுப்பையும் வெள்ளிநிறத்தையும் நீலத்தையும் கூட்டுவதற்கென நிறத்தீனி வாங்குவது வீண்செலவு.

மீன் தானே ஆக்காத நிறம்

மஞ்சட் சோளம், பூசணி, பப்பாசி, செவ்வந்தி, மிளகாய்ப்பழம் ஆகியவற்றின் நிறத்துக்குக் காரணம் கரோட்டினொயிட்டு எனப்படும் நிறப்பொருள் இனமாகும். பச்சிலையிலும் இஃது உண்டு. இலையின் பச்சை அதனை மறைத்திருக்கும். இவ்வினத்தைச் செடிகளும் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் ஆக்கவல்லன. மீன் ஆக்கமாட்டாது. ஆதலால் பொன்மீனின் தோலிலுள்ள கரோட்டினொயிட்டு ஒவ்வொரு துளியும் அதன் வாய்வழியாக உட்சென்றதே.

இவ்வினத்தில் வளர்ப்போர் அறியவேண்டிய பெயர்கள் நான்கு. அவையாவன: கரட்டிலும் பூசணியிலும் மிகுந்துள்ள பீற்றா கரோட்டீன், கீரைகளிலும் செவ்வந்திப்பூவிலும் உள்ள லூட்டீன், மஞ்சட் சோளத்திலும் ஸ்பைருலீனா என்னும் நீலப்பச்சைப் பாசியிலும் உள்ள ஸியாசாந்தின், இறால், கூனி, நண்டு ஆகியவற்றில் உள்ள அஸ்டாசாந்தின்.

கடைசியாகக் கூறியதை நம் அடுப்படியிலேயே காணலாம். உயிருள்ள இறால் சாம்பல் நிறமாகவோ நீலம் கலந்த நிறமாகவோ இருக்கும். சட்டியிலிட்டுச் சூடாக்கினால் சிவக்கும். சூடு புதிதாக நிறத்தைக் கொடுப்பதில்லை. இறாலின் ஓட்டில் அஸ்டாசாந்தின் ஒரு புரதத்தோடு பிணைந்து தன் சிவப்பை மறைத்திருக்கும். சூட்டினாற் புரதம் குலைய, மறைந்திருந்த சிவப்பு வெளிப்படும். 1938ஆம் ஆண்டில் கூன், சோரென்சன் என்னும் அறிஞர் இருவர் இப்பொருளைச் சிங்க இறாலிலிருந்து பிரித்து ஆராய்ந்தனர்.

வாயிலிருந்து தோல் வரை

உண்ட நிறச்சத்துத் தோலைச் சேர்வதற்குள் பல படிகளைக் கடக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி நட்டமாகும்.

முதலாவது, குடலில் நிறச்சத்து உணவிலிருந்து விடுபடவேண்டும். பாசியின் தடித்த சுவரினுள்ளோ இறாலின் ஓட்டினுள்ளோ அகப்பட்டிருப்பது எளிதில் விடுபடாது. ஆகவே நுண்ணிய மாவாக அரைத்துக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, கரோட்டினொயிட்டு நீரிற் கரையாது, கொழுப்பிலேயே கரையும். உணவிலுள்ள கொழுப்போடு கலந்து, பித்தநீரினால் நுண்துளிகளாக்கப்பட்ட பின்னரே அது குடற்சுவரைக் கடக்கும். கொழுப்பில்லாத் தவிட்டோடு விலையுயர்ந்த நிறச்சத்தைக் கலந்து கொடுத்தால் அதிற் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறித் தொட்டியின் அடியிற் படியும்.

மூன்றாவது, குருதியிற் கொழுப்புப் புரதங்களின் மேலேறி அது ஈரலை அடையும். மீனுக்கு விற்றமின் ஏ குறைவாயிருந்தால், நிறச்சத்தின் ஒரு பகுதி அவ்விற்றமினாக மாற்றப்பட்டுவிடும். முட்டையிடும் தாய்மீன் மற்றொரு பகுதியைச் சூலகத்துக்கு அனுப்பும். எஞ்சியதே தோலுக்குக் கிடைக்கும். அங்கு அது கொழுப்பமிலத்தோடு இணைக்கப்பட்டு நிறந்தாங்கிக் கலங்களிற் சேமிக்கப்படும்.

கடன் தீர்ந்த பின் எஞ்சும் நெல்லே களஞ்சியத்தை அடைவதுபோல, உடலின் மற்றைத் தேவைகள் நிறைவேறிய பின்னரே தோல் நிறம் பெறுகின்றது என்க. பட்டினி கிடந்த மீனுக்கு முதலில் நல்ல தீனியைக் கொடுக்கவேண்டும். நிறத்தீனி அதற்குப் பிற்பட்டது.

மீனுக்கு மீன் வேறுபாடு

எல்லா மீன்களும் எல்லா நிறச்சத்துக்களையும் ஒரே வகையிற் பயன்படுத்துவதில்லை. வளர்ப்போர் பணத்தை இழப்பது பெரும்பாலும் இதனை அறியாமையினாலேயே.

பொன்மீனும் கோய்க் கெண்டையும் உண்ட நிறச்சத்தை மாற்றியமைக்கும் ஆற்றலுடையன. மஞ்சள் நிறமான ஸியாசாந்தினை உண்டால், அவற்றின் உடலிலுள்ள நொதியங்கள் அதனோடு ஒட்சிசனைச் சேர்த்துச் சிவந்த அஸ்டாசாந்தினாக்கிவிடும். ஸ்பைருலீனாவை உண்ட மீன் சிவப்பதன் காரணம் இதுவே. ஆனால் பீற்றா கரோட்டீனை அவை மிகக் குறைவாகவே இவ்வாறு பயன்படுத்துகின்றன.

நோர்வே, சிலி, ஸ்கொத்லாந்து ஆகிய நாடுகளில் கடற்கூடுகளில் வளர்க்கப்படும் சமன் மீனின் தன்மை வேறு. (நம் கடைகளிற் சமன் என விற்கப்படும் பேணிமீன் பெரும்பாலும் வேறு இனம்.) சமனுக்கு மஞ்சளைச் சிவப்பாக்கும் ஆற்றல் இல்லை. கடலிற் கூனி போன்ற சிற்றுயிர்களை உண்டு, அவற்றின் அஸ்டாசாந்தினை உள்ளவாறே ஏற்றுத் தன் தசையிற் சேமிக்கும். அதனாலேயே அதன் சதை செம்மஞ்சளாய் உள்ளது. கூட்டில் வளர்க்கப்படும் சமனுக்குத் தீனியில் அப்பொருளைச் சேர்க்காவிடின் சதை சாம்பல் கலந்த வெள்ளையாகவே இருக்கும். அங்கும் உண்டதிற் சிறு பங்கே தசையை அடைகின்றது. முட்டையிடும் பருவத்தில் ஆற்றுக்குத் திரும்பும் சமன், தசையிற் சேமித்த நிறத்தைத் தோலுக்கும் முட்டைக்கும் மாற்றிவிடும். அப்போது தோல் சிவக்கச் சதை வெளிறும்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சின்னூக் என்னும் சமன் இனத்தில், அதே கடலில் அதே இரையை உண்டும் வெள்ளைச் சதையுடைய மீன்கள் சில உள. இது பரம்பரைக் குணம். எனவே நிறத்துக்கு உணவு இன்றியமையாதது. ஆயினும் உணவு ஒன்றே போதாது.

கப்பியில் ஆண் மீனுக்கே நல்ல நிறம் உண்டு. அதன் செம்மஞ்சட் புள்ளிகளில் இரு நிறப்பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று உணவினால் வந்த கரோட்டினொயிட்டு. மற்றையது மீன் தானே ஆக்கும் தெரின் என்னும் இனப்பொருள். ஆகையால் நிறத்தீனியினால் கப்பியின் செம்மஞ்சள் ஓரளவு துலங்கும்; அதன் நீலமும் கறுப்பும் மாறா.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கப்படும் கால்வாய்க் கெளிற்று மீனின் தீனியிற் சோளத்தின் மஞ்சட்சத்து மிகுந்தால் அதன் வெள்ளைச் சதை மஞ்சளிக்கும். வாங்குவோர் அதனை விரும்பார். ஆதலால் அங்கு நிறச்சத்தைக் குறைப்பதே வளர்ப்போரின் கவலை.

ஒரு பிழையும் அதன் பாடமும்

இதனை எழுதுபவரும் இவ்விடயத்தில் ஒருமுறை தவறியவரே. நான்கு தொட்டிகளிற் பொன்மீன் வளர்த்த ஒரு குடும்பத்தினரிடம் வியாபாரி ஏறக்குறைய பாதி மீன்களை வெளிறல் எனக் கழித்துவிட்டார். ஆலோசனை கேட்ட அவர்களிடம், “கரட்டையும் பூசணியையும் அவித்து மசித்துக் கொடுங்கள்” என்று கூறினேன். நிறமுள்ள காய் நிறந்தரும் என்பது அன்று என் எண்ணம். இரண்டு மாதம் கொடுத்தனர். நிறம் கூடியதாகத் தெரியவில்லை. உண்ணாது எஞ்சிய மசியல் தண்ணீரைக் கெடுத்தது. சில மீன்கள் இறந்தன.

பிழை அவர்களுடையதன்று. அக்காய்களிற் பெரும்பகுதி நீர். உள்ள நிறச்சத்தும் பொன்மீன் நன்கு மாற்றாத பீற்றா கரோட்டீன். கூடவே கொழுப்பும் இல்லை. மூன்று தவறுகள் ஒன்றாய்ச் சேர்ந்தன. பின்னர்க் கீழே கூறப்படும் கலவையைக் கொடுத்தபோது ஆறாவது வாரத்தில் மஞ்சளித்திருந்த மீன்களுட் பல செம்மஞ்சளாயின. பிறப்பிலேயே வெளிறிய சில மாறவில்லை. அவற்றை இனப்பெருக்கத்துக்கு விடாது ஒதுக்கினர். காயின் நிறத்தைப் பார்த்து ஆலோசனை கூறலாகாது, மீனின் இயல்பை அறிந்தே கூறவேண்டும் என்பது அன்று நான் கற்ற பாடம்.

எவ்வளவு, எப்பொழுது

தேவைப்படும் அளவு மிகச் சிறிது. பொன்மீனுக்கு ஒரு கிலோகிராம் தீனியில் ஏறக்குறைய 30 முதல் 40 மில்லிகிராம் வரை அஸ்டாசாந்தின் போதும். அதற்கு மேற் கூட்டினால் செலவு கூடுமேயன்றி நிறம் அந்த அளவுக்குக் கூடாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 கிராம் எடையுள்ள பொன்மீன் 100 உள்ளன எனக் கொள்வோம். மொத்த எடை 1 கிலோகிராம். நாளொன்றுக்கு உடலெடையில் நூற்றுக்கு 3 பங்கு தீனி கொடுத்தால், 30 கிராம் ஆகும். 40 நாட்களுக்கு 1,200 கிராம். அதிற் கிலோகிராமுக்கு 40 மில்லிகிராம் வீதம் சேர்க்கவேண்டிய நிறச்சத்து 48 மில்லிகிராம் மட்டுமே. இது ஒரு சிட்டிகை உப்பின் எடையிலும் குறைவு. ஆகவே “நிறத்தீனி” என்ற பெயருக்காகப் பெருவிலை கொடுக்குமுன், பொதியில் நிறச்சத்தின் பெயரும் அளவும் உற்பத்தித் திகதியும் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல் நன்று.

பயன் தெரிவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் செல்லும். விற்பனைக்கு முந்திய வாரத்திற் கொடுத்துப் பயனில்லை. விற்பனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். பொன்மீன் குஞ்சு கருநிறமாகவே பிறக்கும். அதன் கறுப்புக் கலங்கள் அழிந்த பின்னரே பொன்னிறம் தோன்றும். அதற்கு முன் நிறத்தீனி கொடுத்து அவசரப்படுத்த முயல்வது வீண்.

கலவை தயாரிக்கும் முறை

ஒரு கிலோகிராம் உலர்ந்த கலவைக்கு:

மீன்மா – 300 கிராம்
சோயா மா – 250 கிராம்
அரிசித் தவிடு – 180 கிராம்
மஞ்சட் சோள மா – 100 கிராம்
கோதுமை மா – 60 கிராம்
ஸ்பைருலீனாத் தூள் – 60 கிராம்
மீனெண்ணெய் அல்லது சோயா எண்ணெய் – 30 கிராம்
விற்றமின், கனியுப்புக் கலவை – 20 கிராம்

முதல் ஐந்து மாக்களையும் நன்கு அரித்து, இளஞ்சூடான நீர் விட்டுப் பிசைந்து, 20 நிமிடம் ஆவியில் அவிக்க. நன்றாக ஆறிய பின்னரே ஸ்பைருலீனாவையும் விற்றமின் கலவையையும் எண்ணெயையும் சேர்த்துப் பிசைக. பின் இடியப்ப உரலிலிட்டுப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, மீனின் வாய்க்கேற்றவாறு நொறுக்குக.

கரையோரப் பகுதிகளில் இறால் தலையும் கூனியும் மலிவாகக் கிடைத்தால், மீன்மாவில் 100 கிராமைக் குறைத்து அதற்குப் பதிலாக அவற்றின் மாவைச் சேர்க்கலாம். உப்பிட்ட கூனியாயின் நல்ல நீரிற் பலமுறை கழுவி உலர்த்தவேண்டும். அவற்றிலுள்ள நிறச்சத்தின் அளவு இறாலின் வகைக்கும் உலர்த்திய முறைக்கும் ஏற்பப் பெரிதும் மாறும். கடும் வெயிலிற் பலநாட் காய்ந்து வெளுத்ததில் அது மிகக் குறைவு. ஓடு மிகுந்த மாவை அளவுக்கு மேற் சேர்த்தால் சமிபாடு குன்றும்.

கோய்க் கெண்டைக்கு இக்கலவையை இடைவிடாது கொடுத்தலாகாது. நிறச்சத்து மிகுந்தால் அதன் தூய வெள்ளைப் பகுதியும் இளஞ்சிவப்பாகி, விலை குறையும்.

நிறச்சத்தைக் காத்தல்

கரோட்டினொயிட்டின் நீண்ட காபன் சங்கிலியே அதற்கு நிறத்தைத் தருகின்றது. ஒளி, சூடு, காற்று ஆகிய மூன்றும் அச்சங்கிலியை எளிதில் அறுத்துவிடும். சங்கிலி அறுந்தால் நிறமும் போம். எண்ணெய் காறினாலும் இதே கேடு விளையும். ஆகவே ஒரு மாதத் தேவைக்கு மேல் தயாரிக்கவேண்டாம். ஒளிபுகாத தகரப் பேணியிலோ தடித்த கறுப்புப் பையிலோ காற்றுப் புகாது அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்க. கண்ணாடிப் போத்தலில் இட்டு யன்னலருகே வைத்த தீனி பார்வைக்கு அழகு, மீனுக்குப் பயனில்லை.

உணவினால் தீராத வெளிறல்

வெளிறிய மீன் எல்லாம் நிறச்சத்துக் குறைந்த மீன் அல்ல. வெண்ணிறத் தொட்டியில் விடப்பட்ட மீன், தன் கலங்களிலுள்ள கருநிறப் பொருளைச் சுருக்கிக்கொண்டு வெளிறித் தோன்றும். கருநிறத் தொட்டிக்கு மாற்றினாற் சிறிது நேரத்திலே தெளியும். இருட்டறையில் நெடுநாள் இருந்த மீனும் நிறங்குன்றும். வெளியிலுள்ள தொட்டியின் சுவரிற் படரும் பசும்பாசியை முழுதும் உரஞ்சிக் கழுவாது, மூன்று பக்கம் விட்டுவைத்தல் நன்று; மீன் அதனைக் கொறித்து நிறச்சத்துப் பெறும்.

மீன் திடீரெனச் சிலநாட்களில் வெளிறி, உணவை மறுத்து, மேல்மட்டத்தில் வாய் திறந்து நின்றால் அது நோயின் அல்லது நீர்க்கேட்டின் அறிகுறி. அந்நிலையில் நிறத்தீனி மருந்தாகாது. உடனே தொட்டிநீரின் மூன்றிலொரு பங்கை மாற்றி, நெருக்கத்தைக் குறைத்து, மீன் வளர்ப்பு உத்தியோகத்தரின் உதவியை நாடுக.

விலக்கவேண்டியவை

கப்பிக் குஞ்சுகள் விரைவில் நிறம்பெறுமாறு ஆண் ஓமோனைத் தீனியில் அல்லது நீரிற் கலப்போர் உளர். இதனாற் பெண் மீன்களும் ஆணின் நிறத்தைப் பெறும், ஆனால் மலடாகலாம். வாங்கியவரின் தொட்டியில் அந்நிறம் நிலைக்காது. ஊசியினாற் சாயத்தை உடலிற் செலுத்திக் கண்ணாடி மீன்களுக்கு நிறமூட்டுதலும் சில நாடுகளில் நடந்துள்ளது. அது மீனுக்குத் துன்பம். ஊசிக் காயத்தினூடே நோயும் புகும். சாயமும் சில மாதங்களில் மறையும். இவ்வாறு விற்பவர் ஒருமுறை மட்டுமே விற்பார். நற்பெயர் கெட்ட ஊரின் மீனை இரண்டாம்முறை வாங்க எவரும் வாரார்.

தாமே சோதித்தல்

எப்புதிய தீனியையும் அனைத்து மீன்களுக்கும் ஒரேயடியாகக் கொடுக்கவேண்டாம். ஒரே தாய்மீனின் குஞ்சுகள் 40ஐ, நிறமும் ஒளியும் ஒத்த இரு தொட்டிகளில் இருபது இருபதாக விடுக. ஒன்றுக்குப் பழைய தீனி, மற்றையதற்குப் புதிய தீனி. வெளிர்மஞ்சள் முதற் செஞ்சிவப்பு வரை ஆறு படிகளாக நிறந்தீட்டிய ஓர் அட்டையைத் தயாரித்து, வாரம் ஒருமுறை, காலையில் அதே நேரத்தில், மீன்களை அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்க. ஆறு வாரத்தின் பின் இரு தொட்டிக்கும் வேறுபாடு இல்லையெனில் அத்தீனிக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. விற்பவரின் சொல்லினும் இவ்வட்டை நம்பத்தக்கது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கான கரோட்டினொயிட்டை மீன் ஆக்காது, உண்டே பெறும்.
2. பொன்மீனும் கெண்டையும் ஸியாசாந்தினைச் சிவப்பாக மாற்றும். கரட்டும் பூசணியும் அவற்றுக்கு ஏற்றனவல்ல.
3. கொழுப்பின்றி நிறச்சத்துக் குடலைக் கடவாது.
4. விற்பனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் தொடங்குக, அளவை மீறாதீர்.
5. ஒளி, சூடு, காற்று ஆகியவற்றிலிருந்து தீனியைக் காக்க.
6. திடீர் வெளிறல் நோயின் அறிகுறி. முதலில் நீரைக் கவனிக்க.
7. பிறப்பிலே வெளிறியதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்.

மீன் தான் உண்டதையே தன் உடலிற் காட்டுகின்றது. அதற்கு ஏற்றதை, ஏற்ற காலத்தில், கெடாமற் கொடுப்பவரின் உழைப்பு வீண்போகாது.